கிருமி எதிர்ப்புப் பற்பசையும் ஈறுகளின் நலமும் பற்கறையும்: மலையக வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று மலையகத்தின் எந்தப் பக்கத்துப் பல் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றாலும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். ஒன்று, பல்லில் கறை பிடித்துவிட்டது என்ற கவலை. மற்றொன்று, ஈறுகளில் இரத்தம் வருவது எல்லாருக்கும் உள்ளதுதானே என்ற அலட்சியம். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான். கறை வேறு, நோய் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், கடையில் எந்தப் பற்பசையை எடுப்பது, எந்த மருந்தை எத்தனை நாள் பாவிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எளிதாகிவிடும்.

பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிகிறது. கிருமிகளை அழிக்கும் என்று எழுதியுள்ள பற்பசைக்கு மாறினால் நின்றுவிடுமா?

பற்பசையை மாற்றியதால் மட்டும் நின்றுவிடாது. இரத்தக் கசிவுக்குக் காரணம், பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தங்கிவிடும் பற்படலம். காலையில் எழுந்தவுடன், பல் துலக்குவதற்கு முன், கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை ஈறோரமாக நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெண்மஞ்சள் நிறத்தில் மாவுபோல் ஒன்று நகத்தில் ஒட்டும். உணவுத் துணுக்கு என்று பலர் நினைப்பது இதைத்தான். உண்மையில் அது பக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைப்பொருளுக்குள் நெருங்கி வாழும் ஒரு படலம். அந்தப் பசை காவலாக இருப்பதால் மேலே தடவப்படும் மருந்து உள்ளே இருக்கும் கிருமிகளை எளிதில் எட்டுவதில்லை. தூரிகையின் நார் பட்டு அது கலைந்தால்தான் மருந்துக்கு வேலை உண்டு.

1965ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஓஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஈறுகள் நலமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியபோது, 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறுகள் அழன்றன. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை பழைய நிலைக்குத் திரும்பின. ஆரம்ப நிலை ஈறு அழற்சி முழுமையாகக் குணமாகக்கூடியது என்பதையும், குணமாக்குவது படலத்தை அகற்றும் செயலே என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டிய பரிசோதனைகள் குறைவு.

ஆகவே இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதே பெரிய தவறு. வலிக்கும் என்று அஞ்சி அந்த இடத்தை ஒதுக்கினால், அங்கே படலம் மேலும் தடிக்கும், கசிவும் கூடும். மென்மையான நார்கள் கொண்ட தூரிகையை ஈறோரத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு சிறு அசைவுகளால் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். மார்கழி, தைக் குளிரில் பீலித் தண்ணீர் பல்லில் பட்டாலே கூசும். அதனால் அரை நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுவோர் பலர் என்பது தெரிந்ததுதான். அப்படியானவர்கள் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரைப் பாவிக்கலாம். அவசரமில்லாத இரவு நேரத் துலக்கலை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் பற்பசையே இல்லை. அவர்களுக்குப் பூச்சிப்பல்லும் இருக்கவில்லையே?

இந்தக் கேள்விக்கு மலையகத்திலேயே பதில் இருக்கிறது. மேலே சொன்ன அதே ஹரால்ட் லோவின் குழுவினர், 1970 முதல் 1985 வரை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தனர். ஆய்வு தொடங்கியபோது அவர்களுடைய வயது 14 முதல் 31 வரை. பல் சிகிச்சையோ, தூரிகையும் பற்பசையும் கொண்டு துலக்கும் வழக்கமோ அவர்களிடம் இருக்கவில்லை. உங்கள் நினைவு தவறில்லை. அவர்களுடைய பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லை என்றே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆனால் எல்லாருடைய பற்களிலும் படலமும் காரையும் (படலம் கல்போல் இறுகியது) கறையும் நிறைந்திருந்தன. ஏறத்தாழ எல்லா ஈறுகளும் அழன்றிருந்தன.

அதன் பின்னர் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குப் பல்லைத் தாங்கும் திசு மிக வேகமாக அழிந்தது. 81 சதவீதத்தினருக்கு அழிவு நடுத்தர வேகத்தில் சென்றது. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சி இருந்தும் அது அதற்கு மேல் முற்றவில்லை. வேகமாக அழிந்த பிரிவினர் 35 வயதை எட்டியபோது ஒவ்வொரு பல்லும் சராசரியாக 9 மில்லிமீற்றர் அளவுக்குத் தன் பிடிமானத்தை இழந்திருந்தது. முற்றாத பிரிவினரிடம் அந்த இழப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு.

இதிலிருந்து இரண்டு விடயங்களைப் புரிந்துகொள்ளலாம். சொத்தை இல்லாத பல்லும் ஆடி விழும். நம் பெரியவர்களில் பலர் ஐம்பது வயதிலேயே பல்லில்லாமல் இருந்ததற்கு முதுமை மட்டும் காரணமல்ல. அடுத்தது, கறை எல்லாரிடமும் இருந்தது, அழிவோ ஆளுக்கு ஆள் வேறுபட்டது. எனவே பல்லின் நிறத்தைப் பார்த்து ஈறுகளின் நிலையை மதிப்பிட முடியாது. நீங்கள் அந்த 11 சதவீதத்தில் ஒருவரா, 8 சதவீதத்தில் ஒருவரா என்பதைக் கண்ணாடியும் சொல்லாது; பல் மருத்துவர் அளவுகோல் கொண்ட நுண்கருவியை ஈறோரத்தில் விட்டு அளந்துதான் சொல்ல முடியும்.

பற்பசை டியூப்பின் பின்புறத்தில் எந்தப் பெயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும்?

முதலில் புளோரைட்டு. அது பற்சொத்தையைத் தடுப்பதற்கானது. பெரியவர்களுக்கான பற்பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை இருப்பது நல்லது. புளோரைட்டு இல்லாமல் கிருமி எதிர்ப்புப் பொருள் மட்டும் உள்ள பற்பசையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இன்று தேத்தண்ணீரிலும் சோடாவிலும் பிஸ்கட்டிலும் நாம் உட்கொள்ளும் சீனி, அந்த ஆய்வு நடந்த காலத்துத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிட மிக அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்து, ஈறுகளுக்கு உதவும் பொருட்கள். இவற்றில் இன்று முதலிடம் ஸ்டானஸ் புளோரைட்டுக்கு. இது வெள்ளீயம் சேர்ந்த புளோரைட்டு. சொத்தையைத் தடுப்பதோடு, படலத்திலுள்ள பக்டீரியாக்களின் வளர்ச்சியையும் அவை வெளியிடும் நச்சுப் பொருட்களின் தாக்கத்தையும் குறைக்கிறது. பல் கூச்சத்தையும் தணிக்கிறது. வழக்கமாக 0.454 சதவீதம் சேர்க்கப்படும். அது ஏறத்தாழ 1100 பிபிஎம் புளோரைட்டுக்குச் சமம். சோடியம் புளோரைட்டு, சோடியம் மொனோபுளோரோபொஸ்பேற்று ஆகிய பெயர்கள் இருந்தால், அவை சொத்தைக்கு நல்லவை, ஆனால் ஈறுகளுக்கென்று தனிப் பயன் சொல்ல முடியாது.

சிங் சிற்றேற்று, சிங் ஒக்சைட்டு போன்ற நாகச் சேர்மங்கள் வாய் நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயுக்களைக் கட்டுப்படுத்தும். பற்காரை படிவதையும் ஓரளவு தாமதப்படுத்தும். ஈறுகளில் இவற்றின் பயன் மிதமானது. கறையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. செற்றில்பிரிடினியம் குளோரைட்டு பெரும்பாலும் வாய்கொப்பளிக்கும் திரவங்களில் இருக்கும். குளோரெக்சிடினைவிட மென்மையானது, சிறிதளவு கறை ஏற்படுத்தக்கூடும்.

டிரைக்ளோசன் ஆபத்தானது என்கிறார்கள். உண்மையா?

டிரைக்ளோசன் ஒரு கிருமி எதிர்ப்புப் பொருள். அது 0.3 சதவீத அளவில், பல்லில் ஒட்டி நிற்கச் செய்யும் ஒரு கூட்டுப்பொருளுடன் சேர்த்துப் பல ஆண்டுகள் பற்பசையில் பாவிக்கப்பட்டது. அது பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட மீளாய்வு 30 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சாதாரண புளோரைட்டுப் பற்பசையோடு ஒப்பிடுகையில் பற்படலமும் ஈறு அழற்சியும் தலா 22 சதவீதமும், இரத்தக் கசிவு 48 சதவீதமும் குறைந்ததாகக் கூறியது. பல்லில் கறையும் ஏற்படுத்தவில்லை.

சர்ச்சை எழுந்தது முதன்மையாக வேறு பொருட்களால். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் கைகழுவும் சவர்க்காரங்களில் டிரைக்ளோசனைத் தடை செய்தது. சாதாரண சவர்க்காரத்தைவிட அதிகப் பயன் தருவதற்கும், நீண்டகாலப் பாவனை பாதுகாப்பானது என்பதற்கும் போதிய சான்று காட்டப்படவில்லை என்பதே காரணம். பற்பசை அந்தத் தடையில் அடங்கவில்லை. இருந்தாலும் மக்களின் ஐயம் நீங்கவில்லை; கோல்கேட் நிறுவனம் 2019இல் தனது டோட்டல் பற்பசையை அமெரிக்காவில் டிரைக்ளோசன் இல்லாமல், ஸ்டானஸ் புளோரைட்டைக் கொண்டு மாற்றியமைத்தது. இவ்வளவு காலம் டிரைக்ளோசன் பற்பசை பாவித்தவர்கள் பதற வேண்டிய அவசியமில்லை. இன்று புதிதாக வாங்குபவருக்கு அதே அளவு பயன் தரும் வேறு தெரிவுகள் இருக்கின்றன என்பதால், அதைத் தேடிப் போக வேண்டிய தேவையும் இல்லை.

வைத்தியசாலையில் வாய்கொப்பளிக்கக் கொடுத்த மருந்தைப் பாவித்த பின் பற்கள் மண்ணிறமாகிவிட்டன. மருந்து பழுதா?

மருந்தில் பழுதில்லை. அது பெரும்பாலும் குளோரெக்சிடினாக இருக்கும், போத்தலில் 0.12 அல்லது 0.2 சதவீதம் என்று எழுதியிருக்கும். ஈறுகளுக்கான கிருமி எதிர்ப்பு மருந்துகளில் இதற்கு நிகரானது இன்னும் வரவில்லை. 1970இல் மேலே சொன்ன லோவும் சியொட் என்ற ஆய்வாளரும் செய்த பரிசோதனையில், பல் துலக்காமலேயே நாளுக்கு இரண்டு தடவை 0.2 சதவீதக் குளோரெக்சிடினால் கொப்பளித்தவர்களுக்குப் பற்படலமும் ஈறு அழற்சியும் உருவாகாமல் தடுக்கப்பட்டன.

அதன் வலிமைக்குக் காரணமான பண்பே கறைக்கும் காரணம். குளோரெக்சிடின் மூலக்கூறின் இரண்டு பக்கமும் நேர்மின்னேற்றம் கொண்டவை. கொப்பளித்துத் துப்பிய பின்னும் அது பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்கிறது. ஒரு கையால் பல்லைப் பற்றிக்கொண்டு, மற்றக் கையால் வாய்க்குள் வரும் தேயிலைச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று சொன்னால் எளிதில் விளங்கும். தேத்தண்ணீர், கோப்பி ஆகியவற்றிலுள்ள நிறப்பொருட்கள் இவ்வாறு படிந்துதான் மண்ணிறம் உண்டாகிறது. ஆய்வுகூடங்களில் குளோரெக்சிடினின் கறையேற்றும் தன்மையைச் சோதிக்கப் பாவிக்கும் பானமும் தேத்தண்ணீர்தான். ஒரு நாளில் பல தடவை கடுஞ்சாயத்தில் பிளேன்டீ குடிக்கும் நம் பக்கத்து மக்களுக்குக் கறை விரைவாகவும் கடுமையாகவும் வருவதில் வியப்பில்லை.

இந்தக் கறையை அடையாளம் காண்பது எளிது. பல்லின் நடுப்பகுதியைவிட ஈறோரத்திலும், இரண்டு பற்களுக்கு இடையிலும், பழைய நிரப்பலின் விளிம்பிலும் அது கூடுதலாகத் தெரியும். நாக்கின் மேற்புறமும் பழுப்பேறும். சில நாட்களுக்கு உப்புச் சுவை சரியாகத் தெரியாமல் போவதும் உண்டு. மருந்தை நிறுத்தியதும் சுவை திரும்பிவிடும். கறை பல்லின் மேற்பரப்பில்தான் நிற்கிறது, பல்லுக்குள் இறங்குவதில்லை. பல் மருத்துவர் சுத்தம் செய்து மெருகிட்டால் முற்றாக நீங்கிவிடும்.

அந்தக் கறை வராமல் மருந்தை எப்படிப் பாவிப்பது?

முற்றாகத் தவிர்க்க முடியாவிட்டாலும் பெரிதும் குறைக்கலாம். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அதன் பின் கொப்பளிக்க வேண்டும். கொப்பளித்த பின் குறைந்தது ஒரு மணி நேரமாவது தேத்தண்ணீர், கோப்பி, வெற்றிலை எதுவும் கூடாது. மலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர் விடியற்காலைத் தேத்தண்ணீருக்கும் பத்து மணித் தேத்தண்ணீருக்கும் இடையே இதைப் பொருத்துவது கடினமல்ல: எழுந்ததும் தேத்தண்ணீர், பிறகு பல் துலக்கல், புறப்படும் முன் கடைசியாகக் கொப்பளிப்பு. இரவில் படுக்கைக்குப் போகும் முன் கொப்பளித்தால் சாயத்துக்கு இடமே இல்லை.

இங்கே பலரும் அறியாத ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பற்பசைகளில் நுரைக்காகச் சோடியம் லோரில் சல்பேற்று சேர்க்கப்படுகிறது. அது எதிர்மின்னேற்றம் கொண்டது. குளோரெக்சிடினோடு சேர்ந்தால் அதன் வலுவைக் குறைத்துவிடும். எனவே பல் துலக்கி, வாயை நன்றாகக் கழுவி, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும். இடைவெளி கூடினால் இன்னும் நல்லது. துலக்கிய கையோடு கொப்பளிப்பவர் மருந்தின் ஒரு பகுதியை வீணாக்குகிறார். வைத்தியசாலையில் மருந்தைக் கொடுக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேருக்குப் பயன் கூடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே பாவியுங்கள். வழக்கமாக அது இரண்டு முதல் நான்கு வாரம். பாமசியில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் தொடர்வது தேவையற்றது. நீண்ட காலம் பாவித்தால் கறையோடு பற்காரை படிவதும் கூடும். கொப்பளிக்கும் திரவம் ஈறுக்கு அடியிலுள்ள ஆழமான பைகளுக்குள் இறங்குவதில்லை என்பதால், முற்றிய ஈறு நோயை அது தனியே குணமாக்கவும் மாட்டாது. மிக அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கறை பிடிக்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடலாமா?

ஈறு சத்திர சிகிச்சைக்குப் பின்னரோ, வாய்ப் புண்ணால் தூரிகை வைக்க முடியாத நிலையிலோ கொடுக்கப்பட்டிருந்தால் நிறுத்த வேண்டாம். கறையை அரை மணி நேரத்தில் அகற்றிவிடலாம். இழந்த எலும்பைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதல்ல.

ஸ்டானஸ் புளோரைட்டுப் பற்பசையும் கறையாக்கும் என்கிறார்களே?

பழைய தயாரிப்புகளில் அந்தக் குறை இருந்தது. அமெரிக்காவில் 1950களின் நடுப்பகுதியில் இத்தகைய பற்பசை விற்பனைக்கு வந்தபோது, பாவித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மஞ்சட்பழுப்புக் கறை தோன்றியது. வெள்ளீய அயன்கள் படலத்திலுள்ள கந்தகச் சேர்மங்களோடும் தேத்தண்ணீரின் நிறப்பொருட்களோடும் சேர்வதே அதற்குக் காரணம். இன்றைய தயாரிப்புகளில் வெள்ளீயத்தை நிலைப்படுத்தும் பொருட்களும், கறை படிவதைத் தடுக்கும் பொலிபொஸ்பேற்று வகைகளும் சேர்க்கப்படுவதால் கறை மிகவும் குறைந்துவிட்டது. சிலருக்கு வாயில் உலோகச் சுவையோ துவர்ப்போ இருக்கும். சில வாரங்களில் பழகிவிடும். ஈறுகளில் கசிவும் குளிர்நீரில் கூச்சமும் ஒன்றாக உள்ளவர்களுக்கு, இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பது வழக்கம், நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான்.

மருந்து எதுவும் பாவிக்கவில்லை. வெறும் தேத்தண்ணீரால் மட்டும் பல் கறையாகுமா?

ஆகும். பல்லின் மேல் உமிழ்நீரிலிருந்து ஒரு மெல்லிய புரதப் படை எப்போதும் படிந்திருக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் அந்தப் புரதத்தோடு பிணைந்து நிறமேற்றுகின்றன. பால் சேர்த்தால் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அவற்றில் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் கறை குறையும். பிளேன்டீதான் பழக்கம் என்றால், குடித்து முடித்ததும் ஒரு மிடறு வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டாலே நல்ல வேறுபாடு தெரியும். தேத்தண்ணீர் ஈறுகளுக்குக் கேடு செய்வதில்லை. அதைக் கைவிடச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு நாள் முழுவதும் குடிப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

வெற்றிலைக் கறையைப் போக்க எந்தப் பற்பசை நல்லது?

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த கறை பல்லில் செங்கறுப்பாக இறுகி, அதன் மேல் காரையும் படிந்து கிடக்கும். எந்தப் பற்பசையாலும் அதை அகற்ற முடியாது. மருத்துவர்தான் கருவியால் அகற்ற வேண்டும். அகற்றிய பின்னும் மெல்லுவதைத் தொடர்ந்தால் சில வாரங்களில் திரும்பிவிடும்.

ஆனால் கறையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இந்தக் கேள்வியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. அட்டைக்கடியும் குளிரும் மழையுமாக மலையில் நிற்கும் நேரத்தில் உடம்புக்குச் சூடு தருவதாக எண்ணி மெல்லுகிறார்கள் என்பதை அறிவேன். அந்தக் களைப்பை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயினும் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளையாக அல்லது சிவப்பாகத் திட்டு தோன்றினால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், காரம் பட்டால் எரிந்தால், வாய் முன்போல் அகலத் திறக்காவிட்டால், பல்லின் நிறத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு உடனே காட்ட வேண்டும். புகைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஈறு நோய் முற்றியிருந்தும் இரத்தம் கசியாமல் இருக்கலாம். இரத்தம் வரவில்லை என்பதை அவர்கள் நலத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

உமிக்கரி, உப்பு, செங்கல் தூள், கரிப் பற்பசை ஆகியவை பல்லை வெண்மையாக்குகின்றனவே?

தேய்ப்பதால் மேலுள்ள கறை போகிறது. கூடவே பல்லும் தேய்கிறது. எனாமல் திரும்ப வளராது. அது மெலிந்ததும் உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வெளியே தெரிவதால், வெண்மைக்காகத் தொடங்கிய பழக்கம் ஈற்றில் பல்லை மேலும் மஞ்சளாக்கிவிடும். ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிபவர்களுக்கு இது இன்னும் கேடானது. வேருக்கு எனாமல் காவல் கிடையாது. வெண்மையாக்கும் என்று விற்கப்படும் பற்பசைகளில் பெரும்பாலானவையும் நுண்ணிய தேய்ப்புப் பொருளாலும் பொலிபொஸ்பேற்றாலும்தான் வேலை செய்கின்றன. அவை மேற்பரப்புக் கறையைக் குறைக்கும். பல்லின் இயற்கை நிறத்தை மாற்றாது.

கராம்பு, வேம்பு சேர்ந்த மூலிகைப் பற்பசைகள் போதாதா?

கராம்பெண்ணெயிலுள்ள யூஜினோல் கிருமி எதிர்ப்புத் தன்மையும் வலியைத் தணிக்கும் தன்மையும் கொண்டது. பல் மருத்துவர்களும் அதைப் பாவிக்கிறார்கள். வேம்புக்கும் கிருமி எதிர்ப்புத் தன்மை உண்டு. இவை கறையேற்றுவதில்லை, வாய்க்குப் புத்துணர்ச்சியும் தருகின்றன. குளோரெக்சிடின், ஸ்டானஸ் புளோரைட்டு ஆகியவற்றுக்கு உள்ள அளவு உறுதியான சான்று இவற்றுக்கு இல்லை என்பதே வேறுபாடு. டியூப்பில் புளோரைட்டும் இருந்தால் தயக்கமின்றிப் பாவிக்கலாம். வேப்பங்குச்சியால் துலக்கும் பெரியவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. நுனியை நன்றாக மென்று மென்மையாக்கி, பற்களின் உட்புறத்தையும் மறக்காமல் துலக்கினால் போதும், இரவில் மட்டும் புளோரைட்டுப் பற்பசையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்கிறார்களே?

பல் ஆடுவதற்குக் காரணம் சுத்தம் செய்தது அல்ல. பல ஆண்டுகளாகக் காரையின் அடியில் எலும்பு கரைந்தது. காரை பற்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்ததால் அந்த ஆட்டம் தெரியாமல் இருந்தது. அதை அகற்றியதும் உண்மை நிலை வெளிப்படுகிறது. வீக்கம் வற்றி ஈறு இறுகும்போது பற்களுக்கிடையே இடைவெளி தெரிவதும் சில நாட்கள் கூசுவதும் இயல்பு. இறுகிவிட்ட காரையை எந்தக் கிருமி எதிர்ப்புப் பற்பசையும் கரைக்காது என்பதால் இந்தச் சிகிச்சைக்கு மாற்று வழி கிடையாது.

என் பிள்ளையின் பல்லில் ஈறோரமாகக் கறுப்புக் கோடு இருக்கிறது. சொத்தையா?

சொத்தையாக இல்லாமலும் இருக்கலாம். சில பிள்ளைகளின் வாயிலுள்ள ஒரு வகைப் பக்டீரியா ஈறோரத்தை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு போட்டாற்போல் கறை ஏற்படுத்தும். அத்தகைய பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாக இருப்பதாகவும் அவதானிக்கப்பட்டுள்ளது. இரும்புச்சத்துப் பாணி குடிக்கும் பிள்ளைகளுக்கும் கறுப்புக் கறை வரும். பாணியை நாக்கின் பின்புறமாகக் கொடுத்து, உடனே தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலயப் பகுதிகளில் வளர்ந்து இங்கே வந்த பிள்ளைகளின் பல்லிலுள்ள வெண்திட்டும் பழுப்புத் திட்டும் நிலத்தடி நீரிலுள்ள மிகையான புளோரைட்டால் பல் உருவாகும் காலத்திலேயே ஏற்பட்டவை. தேய்த்துப் போக்க முடியாது. மலைநாட்டு ஊற்று நீரில் புளோரைட்டு குறைவு என்பதால் நம் பிள்ளைகளுக்குப் புளோரைட்டுப் பற்பசை அவசியம். மூன்று வயதுக்குக் கீழ் ஓர் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில். குளோரெக்சிடின் மருந்தைப் பிள்ளைகளுக்குத் தாமாகக் கொடுக்கக் கூடாது.

கர்ப்பிணிகளும் நீண்டகால நோயாளிகளும் எதைக் கவனிக்க வேண்டும்?

கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால் சிறிதளவு படலத்துக்கும் ஈறு அதிகமாக வீங்கும். கர்ப்பிணிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு தாய்சேய் கிளினிக்குகளில் உண்டு. குடும்ப சுகாதார மருத்துவ மாது சொல்லும்போது தட்டிக் கழிக்காதீர்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறு நோய் முற்றினால் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிப்பீன் அல்லது நிபெடிப்பீன், வலிப்புக்கு பெனிற்றோயின் ஆகிய மருந்துகளை எடுப்போரில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் வளரும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், இரு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். பல் சுத்தமாக இருந்தால் அந்த வளர்ச்சி குறைவாக இருக்கும்.

எப்போது, எங்கே காட்ட வேண்டும்?

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் கசிவு நிற்காவிட்டால், ஈறிலிருந்து சீழ் வந்தால், பல் ஆடினால், முன்பற்கள் விலகிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். டிக்கோயா, நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளில் விசாரிக்கலாம். சிக்கலான ஈறு நோய்களுக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற தயக்கம் நியாயமானது; அதனால் இருமுறை அலைய நேராதபடி, வீட்டில் பாவிக்கும் பற்பசை டியூப்பையும், கொப்பளிக்கும் மருந்துப் போத்தலையும், தினமும் எடுக்கும் மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான், எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் அன்றே சொல்ல முடியும்.